ஒர்க் ஷாப்பில் பார்த்த வேலை கெட்டுப்போனால் சட்டத்தில் என்ன வழி?

திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. 2016 மாடல் டீசல் கார், 92,000 கிலோமீட்டர் ஓடியது. எஞ்சின் சூடேறுகிறது என்று கோவையில் ஒரு தனியார் ஒர்க் ஷாப்பில் விட்டிருக்கிறார். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று சொல்லி, அதை மாற்றிக் கொடுத்து, ரூ.46,500 வாங்கியிருக்கிறார்கள். 23 நாள் கழித்து, அதற்குள் 1,140 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய நிலையில், அவிநாசி சாலையில் டெம்பரேச்சர் முள் ஏறி, எஞ்சின் நின்றுவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்து அதே ஒர்க் ஷாப்புக்கே கொண்டுபோனால், ‘ஆயில், தண்ணீர் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள்’ என்று சொல்லி ரூ.1,35,000க்குப் புது எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.200 வாடகை கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டுமாம். தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, போன முறை ஹெட்டை ஃபேஸிங் அடிக்காமலே, அதாவது அதன் அடிப்பரப்பை இயந்திரத்தில் சமப்படுத்தாமலே, மாட்டியிருப்பார்கள் என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா, காவல் நிலையத்துக்குப் போகலாமா, வண்டியை எப்படி வெளியே எடுப்பது, வழக்கு என்றால் எவ்வளவு காலம் ஆகும் என்பவை கேள்விகள்.

சுருக்கமாகச் சொன்னால், பணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்குரிய இடம் நுகர்வோர் ஆணையம். காவல் நிலையம் இப்போதைக்கு வேண்டாம். வண்டியைப் பிடித்து வைக்க அவர்களுக்கு இன்றைய நிலையில் சட்டப்படி காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது வேறு. எஞ்சினை இன்னும் பிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய பலம் அதுதான். யார் முன்னிலையில், என்ன பதிவோடு அது பிரிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும். ஆகவே புது எஸ்டிமேட்டுக்கு வாய்மொழியாகக்கூடச் சம்மதம் சொல்ல வேண்டாம். ‘இறக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்றாலும் சம்மதிக்க வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், வேன் கியர் பாக்ஸ் வேலையில் ஏமாற்றப்பட்டவர். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் என்னிடம் வரும்போதே இரண்டாவது மெக்கானிக்கிடம் கொடுத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். தேய்ந்த பற்சக்கரங்களும் பழைய பேரிங்குகளும் எங்கே என்று கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டன என்றார். இரண்டாவது மெக்கானிக்கும் சாட்சி சொல்ல வர மறுத்துவிட்டார். ஒரே தொழிலில், ஒரே தெருவில் இருப்பவர்கள். மிஞ்சியது இரண்டு பில்களும் அவருடைய கோபமும்தான். வழக்கு தோற்றுப்போனது.

சட்டம் இங்கே எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘குறைபாடு’ என்பதற்குப் பரந்த பொருள் தரப்பட்டிருக்கிறது. ஒப்புக்கொண்ட தரத்தில் சேவை இல்லாதது மட்டுமின்றி, நுகர்வோருக்குத் தீங்கு விளைவித்த கவனக்குறைவும், அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைத்ததும் அதில் அடங்கும். ஆகவே வேலையைச் செய்யாமலே கூலி வாங்கியதும், அரைகுறையாகச் செய்ததும், ‘உங்கள் ரேடியேட்டரும் அடைத்திருக்கிறது, அதையும் பார்க்காவிட்டால் இது நிற்காது’ என்று சொல்லாமல் விட்டதும் அந்த வரையறைக்குள் வரும். ஆனால் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் சுமை புகார்தாரர் மேல்தான் இருக்கிறது. எஸ்ஜிஎஸ் இந்தியா – டால்ஃபின் இன்டர்நேஷனல் வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேலை பார்த்த பிறகு வண்டி நின்றது என்பது மட்டும் போதாது. வேலை சரியில்லாததால் நின்றது என்று காட்ட வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. வேலையின் தரம் பற்றியல்லாமல், வண்டி அவர்கள் வசம் இருந்தபோது நேர்ந்த சேதம் பற்றிய புகாராக இருந்தால் (டெஸ்ட் டிரைவ் போய் இடித்தது, இரவில் ஸ்டீரியோ காணாமல் போனது, மழையில் கண்ணாடியை ஏற்றாமல் விட்டு சீட் நனைந்தது), 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் துணைக்கு வருகிறது. வண்டியைச் சாவியோடு ஒப்படைத்தவுடன், சராசரி அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்காவது அதைப் பார்த்துக்கொள்ளும் கடமை வாங்கியவர் மேல் விழுகிறது. அப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று காட்டும் சுமையும் அவருடையதே. ‘வாகனம் உரிமையாளரின் பொறுப்பில்’ என்று சுவரில் எழுதிவைப்பதாலோ வண்டியை வாங்கும்போது வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சடிப்பதாலோ தம் கவனக்குறைவிலிருந்து அவர் தப்பிவிட முடியாது. டெல்லியில் நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் 1998இல் நிறுத்துவதற்காகப் பணியாளரிடம் சாவியோடு கொடுத்த கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எனவே புகார் எழுதும்போது எது தரக்குறைவு, எது பாதுகாப்புக் குறைவு என்று பிரித்து எழுதுங்கள். உங்கள் வழக்கில் முதலாவதுதான் இருக்கிறது. ஆனால் வண்டி இப்போது அவர்கள் இடத்தில் நிற்பதால் இரண்டாவதும் சேர வாய்ப்பு உண்டு. டயர், பேட்டரி, ஸ்டெப்னி எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள்.

எதை எப்படி நிரூபிப்பது என்பதுதான் இனி முக்கியம். உங்கள் மெக்கானிக் சொன்னதை அப்படியே எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் உடைத்துவிடுவார். ஹெட்டின் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜை (நேர் விளிம்புள்ள பட்டை) வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டுப் பார்த்து, வளைந்திருக்கிறது என்று காட்டுவது வழக்கம். ஆனால் அலுமினிய ஹெட் இரண்டாவது முறை சூடேறியபோதும் வளைந்திருக்கலாம். இப்போது வளைந்திருப்பது அன்று ஃபேஸிங் அடிக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. பார்க்க வேண்டியது ஹெட்டின் அடிப்பரப்பை. லேத்தில் கொடுத்து அண்மையில் முகம் எடுத்திருந்தால் இயந்திரக் கருவி ஓடிய மெல்லிய கோடுகள் பரப்பு முழுவதும் ஒரே சீராகத் தெரியும். எடுக்காமல் சுரண்டித் துடைத்து மாட்டியிருந்தால் பழைய கேஸ்கெட்டின் அச்சும், தண்ணீர் வழிகளைச் சுற்றி அரித்த புள்ளிகளும் அப்படியே இருக்கும். இதை 1,140 கிலோமீட்டர் ஓட்டம் அழித்துவிடாது. நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் டார்ச் அடித்து, அளவுகோலை அருகே வைத்து எடுத்த படம் பத்துப் பக்க வாதத்துக்குச் சமம்.

பில்லையும் எடுத்து வைத்துப் பாருங்கள். அதில் ‘ஹெட் ஃபேஸிங் – ரூ.1,800’ என்று ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிறிய, நடுத்தர ஒர்க் ஷாப்புகளில் பெரும்பாலும் இந்த வேலைக்கான இயந்திரம் இருப்பதில்லை. ஹெட்டை வெளியே லேத் பட்டறைக்கு அனுப்புவார்கள். அப்படியானால் அந்தப் பட்டறையின் பில்லோ துண்டுச் சீட்டோ இருக்க வேண்டும். அதன் நகலை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால், ஆவணத்தைத் தாக்கல் செய்யச் சொல்லி ஆணையத்தில் மனுப் போடலாம். இன்னொன்று, இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போது நீளும் வகையைச் சேர்ந்தவை. ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டும் என்று தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேடே சொல்லும். உங்கள் எஞ்சினும் அந்த வகையாக இருந்து, பில்லில் கேஸ்கெட் மட்டும் இருந்து போல்ட் இல்லையென்றால், எஞ்சினைத் திறப்பதற்கு முன்னரே பாதி நிரூபணம் அவர்கள் கைப்பட எழுதிய தாளிலேயே கிடைத்துவிடும். அதேபோல், முதலில் ஏன் சூடேறியது என்பதற்கான காரணத்தை (தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஃபேன்) தேடியதற்கு ஜாப் கார்டில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ்கெட் போனது விளைவு. காரணத்தைத் தொடாமல் விளைவை மட்டும் மாற்றியிருந்தால், மாற்றிய வேலை சுத்தமாக இருந்தாலும் அது குறைபாடான சேவைதான் என்பது என் கருத்து.

எஞ்சினைத் திறக்காமலே செய்யக்கூடியவை சில உண்டு. ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் வைத்துப் படமெடுங்கள். ஆயிலில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருந்தால் பால் டீ நிறத்தில் நுரைத்து இருக்கும். அளவு சரியாக இருந்தால் ‘ஆயில் பார்க்காமல் ஓட்டினீர்கள்’ என்ற அவர்கள் வாதம் அங்கேயே அடிபட்டுப்போகும். ஓடோமீட்டரையும் படமெடுங்கள். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் ஸ்கேனர் மாட்டி, பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளை அச்சிட்டு வாங்குங்கள். பல வண்டிகளில் கோளாறு நேர்ந்த நொடியின் வெப்பநிலையும் எஞ்சின் வேகமும் கம்ப்யூட்டரில் நிற்கும். யாராவது குறியீடுகளை அழித்துவிட்டால் அது போய்விடும்.

பிறகுதான் பிரித்துப் பார்ப்பது. இதை உங்கள் நண்பர் மெக்கானிக்கை வைத்து மட்டும் செய்ய வேண்டாம். இன்சூரன்ஸ் சர்வேயர் உரிமம் உள்ள ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அமர்த்துங்கள். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில் எஞ்சின் பிரிக்கப்படும், நீங்களோ உங்கள் பிரதிநிதியோ வந்து பார்க்கலாம் என்று ஒர்க் ஷாப்புக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் வந்தால் நல்லது, வராவிட்டால் இன்னும் நல்லது. முழுவதையும் வெட்டாமல் வீடியோ எடுத்து, கழற்றிய பாகங்களைப் பையிலிட்டுச் சீல் வைத்து, பொறியாளரின் கையொப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறிக்கையோடு அவருடைய பிரமாண வாக்குமூலத்தையும் தாக்கல் செய்தால், நிரூபிக்கும் சுமையை முதல் கட்டத்தில் நீங்கள் நிறைவேற்றியதாகிவிடும்; அதன் பிறகு பதில் சொல்ல வேண்டியது அவர்கள். அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் வண்டியைப் பிரிக்காமலே வழக்குத் தாக்கல் செய்து, வழக்கறிஞர் ஆணையரையும் நிபுணரையும் நியமிக்கச் சொல்லி ஆணையத்தில் மனுப் போடலாம். அது கூடுதல் மதிப்புள்ள அறிக்கை. ஆனால் அதுவரை வண்டி நின்றபடியே நிற்கும்.

மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முள் ஏறிய பிறகும் பெட்ரோல் பங்க் வரை நான்கு கிலோமீட்டர் ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் பதிவிலோ குறுக்கு விசாரணையிலோ அது எப்படியும் வெளிவரும். புகாரில் நீங்களே சொல்லிவிடுங்கள். அதனால் இழப்பீட்டில் ஒரு பகுதி குறையலாம், வழக்கு போய்விடாது. மறைத்துப் பிடிபட்டால் மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

இனி, வண்டியை நிறுத்தி வைத்ததற்கு அவர்கள் கேட்கும் வாடகை. ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு தொழிலாளிக்கு ஒரு நல்ல பாதுகாப்பைத் தந்திருக்கிறது. ஒப்படைத்த பொருளின் மேல் உழைப்பையோ திறமையையோ செலுத்தி வேலை செய்தவர், அதற்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். பற்றுரிமை என்பது இதுதான். வைரம் பட்டை தீட்டியவரைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. மெக்கானிக்குக்கும் அது பொருந்தும். ஆனால் உரிமை செய்த வேலையின் கூலிக்கு மட்டுமே. நீங்கள் முதல் வேலைக்கு ரூ.46,500ஐ முழுதாகக் கட்டிவிட்டீர்கள். இரண்டாவது வேலை தொடங்கவே இல்லை, வெறும் எஸ்டிமேட் நிலையில் நிற்கிறது. கூலி பாக்கி இல்லாத இடத்தில் பற்றுரிமையும் இல்லை. நிறுத்தி வைத்ததற்கான வாடகையோ, நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால் தவிர, அந்தப் பிரிவுக்குள் வராது. ஜாப் கார்டில் வாடகை பற்றி ஏதாவது அச்சிட்டிருக்கிறதா, அதன் கீழ் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் அப்படியும் விடாப்பிடியாக நின்றால் இரண்டு வழிகள் உண்டு. தொகை சிறிதென்றால் கட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடுவதே நடைமுறையில் நல்லது. ஆனால் பில்லின் இரு நகல்களிலும் ‘எதிர்ப்புத் தெரிவித்து, உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்தப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத விடவில்லையென்றால் ஆன்லைனில் செலுத்தி, அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அதே வாசகத்தை அனுப்புங்கள். கேட் பாஸில் ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தொகை பெரிதென்றால், புகாருடன் இடைக்கால மனு ஒன்றையும் தாக்கல் செய்து, வழக்கு முடியும்வரை காத்திராமல் வண்டியை விடுவிக்க உத்தரவு கேட்கலாம். ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். நுகர்வோர் வழக்குக்கு முன் நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை, வழக்கறிஞர்தான் அனுப்ப வேண்டும் என்பதும் இல்லை. இருந்தாலும் தேதி, கிலோமீட்டர், கட்டிய தொகை, நேர்ந்தது, கேட்பது, பதினைந்து நாள் கெடு ஆகியவற்றோடு ஒரு பக்கத்தில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்பினால், அவர்கள் தரும் பதிலே பல வழக்குகளில் நமக்கு ஆதாரமாகிவிடும். ‘ஃபேஸிங் தேவைப்படவில்லை’ என்று பதில் எழுதி, பில்லில் அதற்குக் கூலி வாங்கியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதனிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். பெரிய நிறுவனங்களிடம் அது ஓரளவு வேலை செய்கிறது. தனி ஒர்க் ஷாப்பைக் கட்டுப்படுத்தும் உத்தரவு எதையும் அவர்களால் போட முடியாது என்பதால், அதை நம்பிக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

வழக்கைக் கோவையில்தான் போட வேண்டும் என்பதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ தாக்கல் செய்யலாம். ஆகவே திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். எந்த ஆணையம் என்பதை, நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கொடுத்த தொகையை வைத்தே முடிவு செய்வார்கள். 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. தீப்பிடித்த கார் ஒன்றில் உயிரிழந்தவரின் குடும்பம் பல கோடி ரூபாய் கேட்ட வழக்கிலும் இந்த அளவுகோலே செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நேரில் போகாமல் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு உண்டு. ‘பார்க்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்’ என்று அவர்கள் இழுப்பதால் அந்தக் கெடு நீளாது.

அவர்கள் எடுத்து வைக்கப்போகும் முதல் தடை, நீங்கள் நுகர்வோரே அல்ல என்பதாக இருக்கலாம். திருப்பூர்க்காரர், பனியன் தொழில், வண்டி வணிக நோக்கத்துக்கு ஓடுகிறது என்பார்கள். வண்டி உங்கள் சொந்தப் பெயரில், சொந்த உபயோகப் பதிவில் இருந்து, குடும்பத்துக்கும் போய்வருவதற்கும் பயன்படுகிறது என்றால் கவலை இல்லை. டாக்ஸியாகவோ லோடு வண்டியாகவோ இருந்தாலும், அதைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் – பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவரை உதாரணமாகச் சொல்லி இதை விளக்கியிருக்கிறது. எதிர்த்தரப்பு கோயம்புத்தூர்ப் பெயர் என்பதால் நம் பக்கத்து வழக்கறிஞர்கள் யாருக்கும் அது மறப்பதில்லை. கம்பெனியின் பெயரில் பத்து லாரிகள் ஓட்டுபவர்தான் ஆணையத்துக்கு வெளியே நிற்க நேரிடலாம். அவர் சிவில் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுக்குள் நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம்.

என்ன கேட்கலாம் என்பதில் அளவு தெரிந்திருக்க வேண்டும். முதல் வேலைக்குக் கட்டிய ரூ.46,500, எஞ்சினைச் சரிசெய்ய வேறிடத்தில் ஆகும் நியாயமான செலவு, வண்டியைக் கட்டி இழுத்த செலவு, நிபுணர் கட்டணம், வண்டி இல்லாத நாட்களில் வாடகைக் கார் எடுத்த பில்கள் ஆகியவை பில் இருந்தால் கிடைக்கக்கூடியவை. இவற்றுக்குப் பெரும்பாலும் 6 முதல் 9 சதவீதம் வட்டி போடுவார்கள். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்டால் புகாரின் மற்றப் பகுதிகளையும் சந்தேகத்தோடு படிக்கிறார்கள் என்பது என் அனுபவம். புது எஞ்சின் அல்லது புதுக் கார் வேண்டும் என்பதும் அப்படியே. பழுதான பாகத்தை மாற்றினால் தீரும் என்றால் வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று மாருதி உத்யோக் வழக்கொன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்திருக்கிறது. இழப்பைக் குறைக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. நிபுணர் அறிக்கை கைக்கு வந்த பிறகும் ஓராண்டு வண்டியை மூலையில் நிறுத்திவிட்டு அத்தனை நாளுக்கும் வாடகைக் கார் செலவு கேட்டால் கிடைக்காது.

இதே கேள்வி கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டவர்களிடமிருந்தும் வருவதால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன். டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் பெரும்பாலும் இருவரும் தனித்தனி வணிகர்கள் என்ற அடிப்படையில் இருக்கும். டீலர் செய்த தவறுக்கு, அது தெரிந்திருந்தது என்று காட்டாமல், தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வேலைக்குறைவு மட்டும்தான் புகார் என்றால் டீலர்தான் முதல் எதிர்தரப்பு. உதிரிபாகமே குறையுள்ளது அல்லது வாரண்டி மறுக்கப்பட்டது என்றால் தயாரிப்பாளரையும் சேர்க்க வேண்டும். வெளியே வேலை பார்த்தீர்கள், ஆகவே வாரண்டி முழுவதும் ரத்து என்று சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பிறப்பித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கின் தவறான வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம், ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று கூறப்பட்டது.

இன்சூரன்ஸ் உங்களுக்கு இதில் உதவாது. வழக்கமான பாலிசி விபத்துக்குப் பணம் தரும், எஞ்சின் கோளாறுக்கும் மோசமான வேலைக்கும் தராது. ஆனால் விபத்துக்குப் பிறகு கேஷ்லெஸ் முறையில் இன்சூரன்ஸ் நிறுவனமே பணம் கட்டிப் பார்த்த வேலை சரியில்லையென்றால், பணம் கட்டியது வேறொருவர் என்றாலும் பயனடைபவர் என்ற முறையில் வண்டி உரிமையாளர் புகார் செய்யலாம். அப்போது இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் சேர்ப்பது நல்லது.

காவல் நிலையத்துக்கு வருகிறேன். கவனக்குறைவான வேலை குற்றம் அல்ல. நேரே போனால் ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்புவார்கள், இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது சரிதான். உங்கள் வண்டியிலிருந்த நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டியது, கூலி முழுவதும் வாங்கிய பின்னும் வண்டி எங்கே என்று சொல்லாமல் இருப்பது, சொந்த வேலைக்கு வண்டியை ஓட்டியது போன்றவை ஆதாரத்தோடு இருந்தால் கதை வேறு. அவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின் நம்பிக்கை மோசடிக்குள் வரலாம். அப்போது புகார் கொடுத்து, குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்காக வண்டியை மறிப்பது இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. மிரட்டுவதற்காகக் கிரிமினல் புகார் கொடுத்து, பின்பு ஆணையத்தில் அதையே எதிர்த்தரப்பு காட்டி அனுதாபம் தேடியதையும் பார்த்திருக்கிறேன்.

காலம் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், ஆணையம் கூடுதலாக 15 நாள் தரலாம், அதற்கு மேல் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. ஆகவே அவர்கள் பதில் தாக்கல் செய்யாமல் வாய்தா வாங்கிக்கொண்டே போனால், அந்த 45ஆவது நாளைக் குறித்து வைத்து, பதில் தரும் உரிமையை முடித்து வைக்கச் சொல்லுங்கள். வழக்கை மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நிபுணர் அறிக்கை வேண்டிய வண்டி வழக்குகள் ஓராண்டுக்கு மேல் போவதுதான் நடைமுறை. தீர்ப்பு வந்த பின் அவர்கள் மேல்முறையீடு செய்ய விரும்பினால் 45 நாளுக்குள், தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லி நிறைவேற்று மனுப் போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72ஆம் பிரிவு இடம் தருகிறது. நிறைவேற்று மனுவில் வாரண்ட் என்ற சொல் வந்த பிறகே செக் எழுதுகிறவர்கள் உண்டு.

நோட்டீஸ் போன பிறகு அவர்கள் சமாதானத்துக்கு வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் ‘பார்ட்ஸுக்கு மட்டும் நீங்கள் கொடுங்கள், லேபர் வேண்டாம், நாங்களே செய்து தருகிறோம்’ என்பார்கள். செலவைப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டு, வேலையை இருவரும் ஒப்புக்கொண்ட வேறொரு ஒர்க் ஷாப்பில் செய்வதுதான் நான் வழக்கமாகச் சொல்லும் ஏற்பாடு. அதே கைகளிடம் மறுபடியும் கொடுக்க எனக்கு மனம் வராது. எப்படி முடிந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். எந்தெந்தப் பாகம் புதிது, லேத் வேலைக்குத் தனி பில், எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டருக்குப் பொறுப்பு, பழைய பாகங்கள் உங்களிடம் திரும்ப வரும் என்ற வரி, இரு தரப்புக் கையெழுத்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். வழக்கு தாக்கலாகியிருந்தால் அந்தச் சமாதானத்தை ஆணையத்தின் முன் பதிவு செய்து உத்தரவாகப் பெறுங்கள். மீறினால் புது வழக்குப் போடாமல் நேரே நிறைவேற்று மனுவுக்குப் போய்விடலாம்.